டியூக் எலிங்டனைக் கேட்டறியும் முறை

புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் பேண்டு செட்டில் ட்ரம்பெட்டோ கிளாரினெட்டோ வாசிப்பவருக்கு ஜாஸ் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. அதன் வாத்தியங்கள் பலவும் அவர் கையில் இருப்பவைதாம். ஜாஸ் இசையமைப்பாளரும் குழுத் தலைவருமான டியூக் எலிங்டனை அறிய விரும்புபவர், வாழ்க்கை வரலாற்றைப் படிப்பதற்கு முன், ஒலிப்பதிவுகளைக் கால வரிசையில் கேட்டு, ஒவ்வொன்றிலும் வாசிப்பவர் யார் என்று கவனிப்பதே நல்ல வழி. வாத்தியத்தைவிட, அதை வாசிக்கும் ஆளை மனத்தில் வைத்தே அவர் எழுதினார்.

1899-இல் வாஷிங்டனில் பிறந்த அவர், 1923-இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, 1927 டிசம்பரில் அந்நகரின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் நிலையான இடம் பிடித்தார். கறுப்பினக் கலைஞர்கள் மேடையேற, வெள்ளையர் அமர்ந்து ரசித்த விடுதி அது. அங்கிருந்து வானொலியில் ஒலிபரப்பானதால்தான் அவர் பெயர் நாடெங்கும் பரவியது.

கேட்பதை 1927-இன் 'பிளாக் அண்ட் டான் ஃபேன்டசி'யிலிருந்து தொடங்கலாம். அதில் பப்பர் மைலியின் ட்ரம்பெட் உறுமும், கெஞ்சும், கிட்டத்தட்டப் பேசவே செய்யும். ஊதும்போதே தொண்டையில் உறுமியபடி, ட்ரம்பெட்டின் விரிந்த முனைக்குள் ஒலியை அடக்கும் சிறிய மியூட் ஒன்றைச் செருகி, வெளியே சிங்க் அடைப்பெடுக்கும் ரப்பர் கப்பை இடக்கையால் மூடித் திறப்பதுதான் அந்த வித்தை. வண்ணாரப்பேட்டையின் எந்த ஹார்டுவேர் கடையிலும் கப் கிடைக்கும், குச்சியைக் கழற்றிவிடுங்கள். முழுதாக அடைத்தால் சுருதி விலகும் என்பதால் சற்று இடைவெளி விட்டே பழகுங்கள்.

அடுத்தது 1930-இன் 'மூட் இண்டிகோ'. வழக்கமாகக் கிளாரினெட் மேலும் ட்ராம்போன் கீழுமாக எழுதுவார்கள். எலிங்டனோ மியூட் போட்ட ட்ரம்பெட்டை மேலே வைத்து, அதை ஒட்டியே ட்ராம்போனை அதன் உச்ச ஸ்தாயியில் நிறுத்தி, கிளாரினெட்டை வெகுதூரம் கீழே இறக்கிவிட்டார். மூன்று பேர் கிடைத்தால் மொட்டை மாடியில் முதல் வரியை மெதுவாக வாசித்துப் பாருங்கள். பிறகு கிளாரினெட்டையும் ட்ராம்போனையும் வழக்கமான இடங்களுக்கு மாற்றி வாசியுங்கள். பக்கத்துத் தெருவில் கானா ஒலிக்காத நேரமாக இருப்பது நல்லது.

1940-ஆம் ஆண்டின் 'கோ-கோ'வைக் கேட்க இயர்போன் அவசியம். ஜிம்மி பிளான்டன் வாசிக்கும் பேஸ் என்ற கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம், போன் ஸ்பீக்கரில் கரைந்துவிடும். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடமே அடங்கும். அந்தச் சிறிய இடத்துக்குள் ஒரு கருவை எவ்வளவு வளர்த்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மறுவருடம் பதிவான 'டேக் தி ஏ ட்ரெய்ன்', 1939-இல் குழுவில் சேர்ந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதியது. எலிங்டனின் பெயரில் அதைச் சொல்பவர்கள் இன்றும் உண்டு, நீங்கள் சொல்லாதீர்கள்.

ஐம்பதுகளில் மங்கியிருந்த மதிப்பு, 1956-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் ஒரே இரவில் திரும்பியது. பால் கொன்சால்வஸின் டெனர் சாக்ஸ் தனி வாசிப்பு 12 பார் (தாள அளவு) கொண்ட ப்ளூஸ் சுற்றாக 27 சுற்றுகள் ஓடுகிறது. விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டால்தான் அதன் ஏற்றம் பிடிபடும்.

1963-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணத்தில் இக்குழு நம் மதராஸுக்கும் வந்தது. அந்தப் பயணத்தின் விளைவான 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' 1966-இல் பதிவானது; உள்ளூர் ராகங்களை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 'புளூபேர்ட் ஆஃப் டெல்லி'யில் ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் ஒரு மைனாவின் குரலைத் திரும்பத் திரும்ப எடுக்கும். கிளாரினெட் வாசிப்பவர் நோட்ஸ் தேடி அலையாமல், அந்தத் துணுக்கை முதலில் வாயால் பாடிப் பழகி, அதன் பிறகு வாத்தியத்தில் எடுக்கட்டும்.