கடலுக்கடியில் முதல் படம்: கேமரா வாங்குவதிலிருந்து கிளிக் செய்வது வரை

கடலுக்கடியில் முதல்முதலாகப் படம் எடுத்துவிட்டுப் படகில் ஏறியதும் எல்லாரும் செய்கிற வேலை ஒன்றுதான். ஈரக் கையோடு திரையைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் முகம் சுருங்கிவிடும். கீழே பார்த்தபோது ஆரஞ்சும் மஞ்சளுமாக இருந்த மீன், படத்தில் நீலச் சாயத்தில் முக்கி எடுத்ததுபோல இருக்கும். "கேமரா சரியில்லையோ?" என்பார்கள். பெரும்பாலும் கேமராமீது தப்பே இருக்காது. நிறத்தைத் தின்றது தண்ணீர்.

வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்க இறங்க முதலில் போவது சிவப்பு. ஏறத்தாழ 5 மீட்டரிலேயே அது பெருமளவு போய்விடும். அடுத்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். 20 மீட்டரில் மிச்சம் இருப்பது பச்சையும் நீலமும்தான். நம் மூளை தானாகவே ஓரளவு ஈடுகட்டிக்கொள்வதால் நேரில் பார்க்கும்போது இது உறைப்பதில்லை. இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஆழம் மட்டும் கணக்கில்லை. மீனுக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருக்கும் தூரமும் தண்ணீர்தான். 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த 2 மீட்டரும் நிறத்தைத் தின்னும், மிதக்கும் தூசியையும் படத்தில் சேர்க்கும்.

அதனால் இந்தப் பதிவில் நான் சொல்லப்போகும் எல்லாமே ஒரே வேலைக்குத்தான்: நடுவில் இருக்கும் தண்ணீரைக் குறைப்பது. எந்தப் பொருளை வாங்கலாமா என்று குழம்பினாலும், இது என்னை மீனுக்குக் கிட்டே கொண்டுபோகுமா என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 1: முதலில் மிதக்கப் பழகுங்கள்

கேமரா வாங்கும் ஆர்வத்தில் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முதுகில் காற்று உருளை மாட்டி ஸ்கூபாவில் இறங்குகிறவர் ஒரே மட்டத்தில், கை கால் உதறாமல், அசையாமல் நிற்கக் கற்றிருக்க வேண்டும். டைவ் பயிற்சியில் இதை 'பாயன்சி' என்பார்கள். இது வராத நிலையில் கையில் கேமராவைக் கொடுத்தால் இரண்டு கெடுதல். கவனம் முழுக்கத் திரைக்குப் போய்விடும், காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மறந்துவிடும். கூடவே, காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் இடிக்கும். உருண்டைப் பவளங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. ஒரு உதையில் உடைவது பல வருட வளர்ச்சி. ஒரு படத்துக்காக அதைச் செய்ய நமக்கு உரிமை இல்லை.

ஸ்கூபாவின் முதல் நிலைச் சான்றிதழான ஓபன் வாட்டர் வாங்கி, கேமரா இல்லாமல் ஒரு பத்து டைவாவது போய்விட்டு வாருங்கள். ஸ்கூபா வேண்டாம், மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டு மேலாக நீந்தும் ஸ்நார்க்கெல் போதும் என்றாலும் பரவாயில்லை. மேலாக 2, 3 மீட்டரில் வெளிச்சமும் நிறமும் நன்றாகவே இருக்கும். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

படி 2: கேமராவைத் தேர்ந்தெடுப்பது

கைப்பேசியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருப்பதை நம்பிக் கடலில் இறக்க வேண்டாம். அந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில், அசையாத நிலையில் செய்யப்படுபவை. உப்புத் தண்ணீர் வேறு கதை. தொடுதிரையும் தண்ணீருக்குள் ஒழுங்காக வேலை செய்யாது. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுவது படகுப் பயணத்துக்குச் சரி, டைவுக்கு இல்லை.

வீடியோதான் முக்கியம் என்றால் கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமரா போதும். இப்போதைய மாடல்கள் தனியாக 10 மீட்டர் வரை தாங்கும், அதற்கென்று விற்கும் ஹவுசிங்கில் (தண்ணீர் புகாத கெட்டி உறை) போட்டால் 60 மீட்டர் வரை. அகலமான காட்சிக்கு அருமையாக இருக்கும். ஆனால் விரல் நீள மீனைக் கிட்டப்போய் எடுக்க அது ஏற்றதில்லை. ரொம்பப் பக்கத்தில் ஃபோகஸ் ஆகாது.

படம்தான் வேண்டும் என்கிற புதியவருக்கு நான் தயங்காமல் சொல்வது ஒலிம்பஸ் டஃப் டிஜி-6, அல்லது அதற்குப் பின் ஓஎம் சிஸ்டம் பெயரில் 2023இல் வந்த டிஜி-7. காரணங்கள்: வெறும் கேமராவே 15 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும், பிடி-059 ஹவுசிங்கில் போட்டால் 45 மீட்டர். அதாவது மேலோட்டமான ஆழத்தில் ஹவுசிங் கசிந்தால்கூட உள்ளே இருக்கும் கேமரா பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். புதியவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறில்லை. அடுத்தது மைக்ராஸ்கோப் மோடு. லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும். கேமரா திருத்தாத மூலப் படமான ராவ் கோப்பும் எடுக்கும். எல்லா அளவையும் நாமே வைக்கும் முழு மேனுவல் மோடு இல்லை என்பது குறைதான், ஆனால் முதல் ஐம்பது டைவுக்கு அது தடையாக இருக்காது.

மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் ஹவுசிங் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பல சமயம் அது கேமராவைவிட அதிகம். ஒவ்வொரு கேமரா மாடலுக்கும் தனி ஹவுசிங், லென்ஸுக்குத் தகுந்த தனி போர்ட் (ஹவுசிங்கில் லென்ஸுக்கு முன்னால் வரும் கண்ணாடி முகப்பு). கேமராவை மாற்றினால் ஹவுசிங்கும் பெரும்பாலும் மாறும்.

படி 3: ஓ-ரிங்

தண்ணீருக்கும் உங்கள் கேமராவுக்கும் நடுவில் நிற்பது ஒரு ரப்பர் வளையம். பிரஷர் குக்கர் கேஸ்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் ஆவி எப்படிச் சீறுமோ, அதேபோல இங்கே ஒரு தலைமுடி போதும். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆனால் ஆழத்தில்தான் கசியும் என்று நினைக்காதீர்கள். ஆழம் கூடக் கூட அழுத்தம் மூடியை இன்னும் இறுக்கிவிடும்; கசிவு அதிகம் நடப்பது மேலேதான், குதிக்கிற நேரத்திலும் படகில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலும். என் முதல் ஹவுசிங்கும் இப்படித்தான் கசிந்தது. சிலிகா ஜெல் பொட்டலத்தின் ஓரம் மூடியில் சிக்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. குதித்த இரண்டு நிமிடத்தில் கண்ணாடிக்கு உள்ளே ஒரு துளி உருண்டது.

அன்றிலிருந்து முந்தின நாள் ராத்திரியே, தங்கும் அறையில், அவசரம் இல்லாமல் இதைச் செய்கிறேன். படகில் உட்கார்ந்து செய்வதே இல்லை.

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மேசையில் பஞ்சு உதிராத துணி ஒன்றை விரியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வளையத்தின் ஒரு பக்கத்தை இரண்டு கட்டைவிரல்களாலும் எதிரெதிராக நெருக்கினால் நடுவில் மேடாக எழும்பும். அதைப் பிடித்துக் கழற்றலாம். ஊக்கு, கத்தி முனை எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். கழற்றிய வளையத்தை விரல் நுனிகளுக்கு நடுவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். உப்புப் படிகமோ மணலோ இருந்தால் நெருடும். வெட்டுக் காயம் மாதிரி இருந்தால் அந்த வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு புதியது போடுங்கள்.

அடுத்து அது உட்காரும் பள்ளத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், இழை விட்டுவிடும். பிறகு கிரீஸ். அரை அரிசி அளவு எடுத்து வளையம் முழுவதும் தடவினால் போதும். பளபளக்க வேண்டும், கட்டி தட்டக் கூடாது. தண்ணீரைத் தடுப்பது கிரீஸ் இல்லை. வளையம் வழுக்கிக்கொண்டு சரியாகப் பொருந்துவதற்குத்தான் அது. அதிகம் போட்டால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹவுசிங் கம்பெனி கொடுத்த கிரீஸையே பயன்படுத்துங்கள். வாசலைன் போட்டால் சிலிகான் வளையம் கெட்டுவிடும்.

வளையத்தை இழுக்காமல், முறுக்காமல் திரும்ப உட்கார வையுங்கள். சிலிகா ஜெல்லைக் கேமராவுக்கு அடியில் நன்றாக உள்ளே தள்ளுங்கள். ஏசி அறையில் காற்று உலர்ந்திருக்கும், அங்கேயே மூடினால் பிறகு கண்ணாடியில் பனி படிவதும் குறையும். மூடியபின், ஒளி ஊடுருவும் ஹவுசிங்காக இருந்தால் வளையம் விடுபடாத ஒரே கோடாகத் தெரிகிறதா என்று சுற்றிப் பாருங்கள். கடைசியாக ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கி வையுங்கள். குமிழி தொடர்ந்து ஒரே இடத்திலிருந்து வந்தால் திறந்து மறுபடியும் ஆரம்பியுங்கள்.

புது ஹவுசிங்கை முதல் டைவில் கேமரா இல்லாமலே, உள்ளே ஒரு காகிதக் கைக்குட்டையை மட்டும் வைத்து இறக்குவது என் வழக்கம். மேலே வந்தபோது அது உலர்ந்திருந்தால் ஹவுசிங்கை நம்பலாம்.

படி 4: வெளிச்சம்

1893இல் பிரான்சின் பான்யூல் கடற்கரையில் உயிரியலாளர் லூயி பூத்தான் கடலுக்கடியில் இறங்கிப் படம் எடுத்தபோதே அவருக்குப் பெரிய பாடாக இருந்தது வெளிச்சம்தான். பீப்பாய்மேல் ஆல்கஹால் விளக்கை வைத்து மக்னீசியத் தூளை எரித்து ஒளி உண்டாக்கினார். நமக்கு வேலை எளிது, மூன்று வழி இருக்கிறது.

காசு செலவில்லாத வழி ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுப்பது. வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை ஒன்றைக் காட்டி, நீங்கள் இருக்கும் ஆழத்திலேயே கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வையுங்கள். சில மீட்டர் ஏறி இறங்கினால் மறுபடியும் வைக்க வேண்டும். அடுத்தது சிவப்பு ஃபில்டர். ஆக்‌ஷன் கேமராவுக்கு நல்ல துணை. நீலத் தண்ணீரில், சூரிய வெளிச்சம் எட்டும் ஆழத்தில் நன்றாக வேலை செய்யும். நம் கிழக்குக் கரையில் தண்ணீர் பச்சையாக இருக்கும் நாளில் மெஜந்தா ஃபில்டர்தான் பொருந்தும். விளக்கு போட்டால் ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது ஸ்ட்ரோப், அதாவது கேமராவுக்கு வெளியே தனியாகப் பூட்டும் ஃபிளாஷ். சேர்த்து வைத்த காசை எதில் போடலாம் என்று கேட்டால் பெரிய கேமராவில் வேண்டாம், இதில் போடுங்கள் என்பேன். கேமராவின் சொந்த ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு தூசியையும் வெள்ளைப் புள்ளியாக்கிவிடும். ஸ்ட்ரோப்பைக் கைபோன்ற கம்பியில் பக்கவாட்டில் தள்ளி வைத்து, அதன் முகத்தை மீனை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். ஒளியின் ஓரம் மட்டும் மீன்மீது பட வேண்டும். நடுவில் இருக்கும் தூசி இருட்டிலேயே இருந்துவிடும். ஆனால் ஸ்ட்ரோப்பும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வரைதான் நிறம் கொடுக்கும்.

எல்லாவற்றையும் பூட்ட ஒரு ட்ரே, மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு. அவ்வளவு போதும்.

படி 5: தொட்டியில் ஒத்திகை

கடலுக்குப் போகும் முன் நீச்சல் குளத்திலோ ஊரில் பம்ப்செட் தொட்டியிலோ ஒரு மணி நேரம் செலவழியுங்கள். அடியில் ஒரு சிவப்புத் துணி, ஒரு நாணயம் போட்டு வைத்து எடுத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பொத்தான் எங்கே என்று விரல் கண்டுபிடிக்கும் வரை பழகுங்கள். தண்ணீருக்குள் எல்லாமே இருப்பதைவிடக் கால் பங்கு கிட்டத்தில் தெரியும். சமதளக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் லென்ஸும் அதேபோலக் குறுகிவிடும். டிஜியின் 25 மில்லிமீட்டர் லென்ஸ் கிட்டத்தட்ட 33 மில்லிமீட்டர் லென்ஸ்போல ஆகிவிடுகிறது. போதுமான அளவு நெருங்கிவிட்டோம் என்று தோன்றும்போது இன்னும் பாதித் தூரம் மிச்சம் இருக்கும்.

படி 6: கடலில்

சென்னையிலிருந்து அந்தமானுக்கு நேரடி விமானம் இருப்பதால் நம்மில் பலருக்கு முதல் பவளக் கடல் அங்குள்ள ஹேவ்லாக், இப்போதைய ஸ்வராஜ் தீவு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். அங்கே நீமோ ரீஃபில் ஆழம் குறைவு, புதியவருக்கு ஏற்ற இடம். கோமாளி மீன் வாழும் கடல் சாமந்தி ஒன்றைக் கண்டுபிடித்து அங்கேயே நில்லுங்கள். ஒரு டைவ் முழுக்க நின்றாலும் வீணில்லை.

மேலேயிருந்து குனிந்து எடுக்காதீர்கள். பக்கத்தில் மணல் தரை இருக்கும் பக்கமாக வந்து, மீனின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். முதல் இரண்டு நிமிடம் எடுக்கவே வேண்டாம். மூச்சை அடக்காமல் மெதுவாக விடுங்கள். கோமாளி மீன் முதலில் சாமந்திக்குள் ஒளிந்துகொள்ளும், அப்புறம் தலையை நீட்டும், அப்புறம் போர்ட் கண்ணாடியை நோக்கி விறுவிறுவென்று வந்து திரும்பிப் போகும். அந்தப் போக்குவரத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது. அது திரும்பி உங்களைப் பார்க்கும் இடம் எதுவென்று தெரிந்துவிட்டால் ஃபோகஸை அங்கே வைத்துக்கொண்டு காத்திருங்கள். கண் கூர்மையாக வந்தால் படம் நிற்கும். வால் மங்கினால் பரவாயில்லை. முடிந்தால் கொஞ்சம் மேல்நோக்கி எடுங்கள், பின்னால் பாறைக்குப் பதில் நீலம் வரும்.

டிஜியில் தண்ணீருக்கடி மோடு அல்லது லென்ஸ் துளை அளவை மட்டும் நாமே வைக்கும் ஏ மோடில் ஆரம்பிக்கலாம். மேனுவலும் ஸ்ட்ரோப்பும் உள்ளவர்கள் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 200, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8, ஷட்டர் 1/125 நொடி என்று வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பின்னணி நீலம் வெளிறினால் ஷட்டரை வேகப்படுத்துங்கள். மீன் இருட்டாக இருந்தால் ஸ்ட்ரோப்பின் ஒளியைக் கூட்டுங்கள். இரண்டும் தனித்தனிக் கைப்பிடி என்று புரிந்துவிட்டால் பாதி வித்தை வந்துவிட்டது.

உள்ளே தண்ணீர் தெரிந்தால் பதறி மேலே பாயாதீர்கள். லென்ஸ் பக்கத்தைக் கீழே சாய்த்துப் பிடித்து, கேமராவை நிறுத்திவிட்டு, துணைவரிடம் சைகை காட்டி வழக்கமான வேகத்திலேயே ஏறுங்கள். கேமரா இன்னொன்று வாங்கலாம்.

படி 7: கரையேறியபின்

நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, உள்ளேயே எல்லாப் பொத்தான்களையும் பத்துத் தடவை அமுக்குங்கள். உப்பு இடுக்கில்தான் உட்காரும். படகின் பொதுத் தொட்டியில் கேமராவை விட்டுவிட்டுப் போகாதீர்கள், மற்றவர்களின் கருவி வந்து மோதும். முழுவதும் துடைத்து, உங்கள் தலைமுடியிலும் ஈரம் சொட்டாதபோதுதான் ஹவுசிங்கைத் திறக்க வேண்டும். வெயிலில் காய வைக்க வேண்டாம். விமானத்தில் ஹவுசிங்கைப் பூட்டாமல் கொண்டுபோங்கள், பேட்டரிகள் கைப்பையில் இருக்கட்டும்.

படங்களைப் பார்க்கும்போது கண் கூர்மையாக இருப்பதை மட்டும் தனியே எடுத்து, ராவ் கோப்பில் ஒயிட் பேலன்ஸைச் சரி செய்யுங்கள். முதல் நாளில் ஒன்றிரண்டுதான் தேறும். பரவாயில்லை. கோமாளி மீன் தன் சாமந்தியை விட்டு ரொம்ப தூரம் போவதில்லை. மறுநாள் டைவ் மாஸ்டரிடம் அதே இடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி, அதே மீனை இன்னும் ஒரு சாண் கிட்டப் போய் எடுங்கள்.