பெங்களூரு அருகே சாவனதுர்கா மலைப் பக்கம் ஜியோகேச் தேடப் போகிறவர்களுக்கு

யாரோ ஒருவர் காட்டுக்குள் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அதன் கோஆர்டினேட்டை (இடம் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) இணையத்தில் போடுவார். நாம் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். ஜியோகேச்சிங் அவ்வளவுதான். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. மறுநாளே ஓரிகனில் முதல் டப்பாவை ஒளித்துவிட்டார்கள்.

சிவாஜிநகரில் ஒரு சர்வே கம்பெனியில் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியைப் பிடிப்பது என் வேலை. அதனால் முதலில் எண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோஆர்டினேட் டிகிரியிலும் தசம நிமிடத்திலும் இருக்கும்; ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். சாவனதுர்கா ஏறத்தாழ வடக்கு 12 டிகிரி 55 நிமிடம். அதையே மேப்பில் 12.55 என்று அடித்தால் 12 டிகிரி 33 நிமிடம் ஆகிவிடும். 40 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். நிமிடத்தின் மூன்றாம் தசம இடம் சுமார் 1.8 மீட்டர். அந்தத் துல்லியத்தை ஃபோனிடம் எதிர்பார்க்காதீர்கள். வெட்டவெளியிலேயே ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும். மரத்தடியிலும், சிக்னல் பட்டுத் திரும்பும் பெரிய பாறை ஓரத்திலும் இன்னும் மோசம்.

கிளம்புவதற்கு முந்தைய இரவே மேப், குறிப்பு, பழைய பதிவுகள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சி:ஜியோ செயலி இலவசம், ஆஃப்லைனிலும் ஓடும். வனத்துறையிடம் ஆன்லைனில் டிக்கெட் எடுக்க வேண்டிய பாதையா என்றும் பாருங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாராவது சேட்டிலைட்டில் மெசேஜ் அனுப்பும் கருவியைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம்.

இனி தேடும் விதம். டப்பாவுக்கு இருபது மீட்டர் இருக்கும்போதே நின்றுவிடுங்கள். அதற்கும் கிட்டே போனால் செயலியின் அம்புக்குறி தலை கால் புரியாமல் சுற்றும். நின்ற இடத்திலிருந்து அது காட்டும் திசையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டில் நடந்து, வேறு கோணத்திலிருந்து இன்னொரு திசை எடுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் நீங்கள் தேட வேண்டிய இடம். அப்புறம் ஃபோனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள். தானாக உருண்டு வந்த கல் இப்படி அடுக்கி நிற்குமா? காய்ந்த சுள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடக்குமா? அங்கேதான் இருக்கும். கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள், தேளும் பாம்பும் இருக்கும் இடம். கரடியும் சிறுத்தையும் உலவும் காடு என்பதால் தனியாகப் போகாதீர்கள், நாலு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

ஆடு மேய்ப்பவர் “ஏனு ஹுடுக்தா இத்தீரா?” (என்ன தேடுகிறீர்கள்?) என்று கன்னடத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மழுப்பினால்தான் புதையல் தோண்ட வந்தவன் என்று நினைப்பார்.

நோட்டில் எழுத பென்சில் கொண்டு போங்கள். ஈரத் தாளில் பேனா எழுதாது. உள்ளே இருக்கும் பொம்மையையோ கீசெயினையோ எடுத்தால், அதே மதிப்புக்கு ஒன்றை வையுங்கள். தின்பண்டம் மட்டும் கூடாது, வாசனைக்குக் குரங்கு டப்பாவையே தூக்கிப் போய்விடும்.

டப்பா கிடைக்காவிட்டால் அதையும் செயலியில் பதிவு செய்யுங்கள். கௌரவம் பார்த்துச் சும்மா இருந்துவிட்டால், அது காணாமல் போனது வைத்தவருக்குத் தெரியாது. அடுத்தவரும் வெயிலில் வீணாகப் பக்கத்து ஊரான மாகடி வரை வந்து திரும்புவார்.