மதுரையில் மாஸ்டர் செக்கப்: எதை அங்கே பார்ப்பது, எதைக் கிளம்பும்முன் முடிப்பது

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பலர் மதுரையில் ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப்பையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், மதுரையில் காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலம் ரிப்போர்ட் கையில் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவு முழுக்கக் கைக்காசு. பயணக் காப்பீடு திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான் பணம் தரும். நலமாக இருப்பவர் எடுக்கும் பரிசோதனைக்குத் தராது. நீங்கள் வாழும் நாட்டில் அதே பரிசோதனைகளில் பலவற்றுக்கு ஏற்கெனவே பிரீமியமாகவோ வரியாகவோ பணம் கட்டியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கானதை அங்கேயே முடியுங்கள். மதுரையில் இருக்கும் நாட்களையும் கையில் இருக்கும் பணத்தையும் அப்பா அம்மாவுக்கு ஒதுக்குங்கள்.

கிளம்பும்முன்

அமெரிக்காவில் 2010-இல் வந்த நலக்காப்பீட்டுச் சட்டப்படி, தடுப்பு மருத்துவப் பணிக்குழு 'ஏ' அல்லது 'பி' தரம் கொடுத்த பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் கோபே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு), டிடக்டிபிள் (காப்பீடு தொடங்கும்முன் நாம் கட்ட வேண்டிய தொகை) எதுவும் வாங்கக்கூடாது. இதை எதிர்த்த வழக்கில் 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை நிலைநிறுத்தியது. பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை 45 முதல் 75 வயது வரை, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே 40 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, கருப்பைவாய்ப் பரிசோதனை 21 முதல் 65 வரை, ஹெபடைடிஸ் சி 18 முதல் 79 வரை, 18 வயது கடந்த எல்லோருக்கும் ரத்த அழுத்தம் என எல்லாம் இதில் அடங்கும். புகையிலையை விடுவதற்கான ஆலோசனை, மது, மனச்சோர்வு குறித்த பரிசோதனை ஆகியவையும் இலவசம். நம்மவர்கள் இவற்றைக் கேட்டு வாங்குவதே இல்லை.

சர்க்கரைப் பரிசோதனை 35 முதல் 70 வயதுக்குள், எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 25 என்றால் ஆசிய வழியினருக்கு 23-ஐயே வரம்பாகக் கொள்ளலாம் என்று பரிந்துரையிலேயே இருக்கிறது. ஒல்லியாகத் தெரிகிற நம்மவர்கள் தப்பிப்போவது இங்கேதான். டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பில் வந்து அதிர்ச்சி அடைவோர் பெரும்பாலும் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். முதலாவது, மருத்துவமனை நெட்வொர்க்கில் இருக்கும், ரத்தம் போகும் லேப் இருக்காது. இரண்டாவது, ஆண்டுப் பரிசோதனைக்குப் போன இடத்தில் 'கொஞ்ச நாளாக முதுகு வலி' என்று சொன்னால் அது நோய்க்கான விசிட்டாகத் தனியே பில் ஆகலாம். அதற்காக வலியை மறைக்க வேண்டாம், பில் வரும் என்று தெரிந்து சொல்லுங்கள். மூன்றாவது, பில்லில் தடுப்புப் பரிசோதனை என்ற குறியீட்டுக்குப் பதில் நோயறியும் பரிசோதனை என்ற குறியீடு போடப்படுவது. மலப் பரிசோதனையில் ஐயம் வந்து அதன் தொடர்ச்சியாகச் செய்யும் கொலோனோஸ்கோப்பியும் (குழாய் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) இப்போது தடுப்புப் பரிசோதனையாகவே கொள்ளப்படும். அதற்குப் பணம் கேட்டால் காப்பீட்டு நிறுவனத்திடம் மேல்முறையீடு செய்யுங்கள்.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) ஹெல்த் செக், 50 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வீட்டுக்கு வரும் மலப் பரிசோதனை கிட், 65 வயது ஆண்களுக்கு வயிற்றுப் பெருந்தமனி ஸ்கேன். கிட்டை அலமாரியில் போட்டுவிட்டு மதுரையில் காசு கொடுத்துக் கொலோனோஸ்கோப்பி செய்வதில் அர்த்தமில்லை. பயணத்துக்கான டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளும் என்எச்எஸ்ஸில் இலவசம். சிங்கப்பூர்க் குடிமக்கள் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்திருந்தால் நாட்டளவில் பரிந்துரைத்த பரிசோதனைகளுக்குக் கட்டணமில்லை. ஆஸ்திரேலியாவில் 45 வயதிலிருந்தே குடல் பரிசோதனை கிட்டைக் கேட்டு வாங்கலாம். 50-க்கு மேல் தானாக வரும்.

கிளம்பும்முன் என்றால் முந்தின வாரம் அல்ல. கனடாவிலிருந்து வருபவர்கள் வாங்கும் பயணக் காப்பீடுகளில், பழைய நோய்கள் கிளம்பும் நாளுக்கு முன் 90 அல்லது 180 நாட்கள் மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பரவலாக உண்டு. பிரஷர் மாத்திரையை 5-இலிருந்து 10 மில்லிகிராமுக்குக் கூட்டினாலே அது மாற்றம். கூட்டியதற்குப் பதில் குறைத்தாலும் பல பாலிசிகளில் மாற்றம்தான். டாக்டர் எழுதிக் கொடுத்து இன்னும் எடுக்காத டெஸ்ட் இருந்தாலும் சிக்கல். டிசம்பரில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மே, ஜூனில் பரிசோதனையை முடித்து, மருந்தையும் நிலைப்படுத்திவிடுங்கள். இதே காரணத்தால் மதுரையில் எடுத்த செக்கப்பில் ஏதாவது தெரிய வந்து, பயணத்தை நீட்டிக்கக் காப்பீட்டையும் நீட்டிக்கப் போனால், அந்தப் புதுக் கண்டுபிடிப்பைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் பின்னால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

மதுரையில் எடுக்கத் தகுந்தவை

வாய்ப் பரிசோதனை எடுங்கள். வெற்றிலை, புகையிலை, பான் பழக்கம் இப்போதோ முன்போ இருந்தவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப்படை, வாய் முழுதாகத் திறக்காமை ஆகியவற்றைப் பல் டாக்டர் வெளிச்சத்தில் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார். அமெரிக்கப் பட்டியலில் இது இல்லை. பல் காப்பீடும் அங்கே தனி.

சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனை. அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கி உலகுக்கே முன்மாதிரியான இடம். கண்ணில் சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும், மதுரை வெயிலில் கண் கூசும். வண்டி ஓட்டாதீர்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு போங்கள்.

பெரிய பேக்கேஜ்களை வாங்கும்போது பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். சிஏ-125, சிஇஏ, சிஏ 19-9 போன்ற 'கேன்சர் மார்க்கர்' ரத்தப் பரிசோதனைகள் அறிகுறி இல்லாதவர்களுக்கு நோயைத் தேட உதவாதவை. மாதவிடாய், அழற்சி, புகைப்பழக்கம் எதனாலும் எண் உயரும். பின் சிடி, எம்ஆர்ஐ என்று இரண்டு வாரம் ஓடிவிடும். அறிகுறி இல்லாதவருக்குத் தைராய்டு கட்டியைத் தேடும் ஸ்கேனும் அப்படியே. இவற்றை எடுத்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், பல இடங்களில் செய்வார்கள். சாப்பிடாமல் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, சிறுநீரக நலத்தைக் காட்டும் கிரியேட்டினினும் சிறுநீர் அல்புமினும், இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் இருந்தால் பெரும்பாலானோருக்குப் போதும். இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதையும் டாக்டரிடம் பேசுங்கள்.

வந்து இறங்கியதும் போகாதீர்கள், விருந்து முடிந்த கையோடும் போகாதீர்கள். கல்யாண விருந்து, கறி தோசை, ஜிகர்தண்டா என்று நான்கு நாள் கழிந்த பிறகு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறித்தான் இருக்கும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் முழுதாகத் தேறும்வரை தள்ளிப்போடுங்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, தண்ணீர் மட்டும் குடித்து, காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். காபி கூடாது, பால் இல்லாத காபியும் கூடாது. முடி வளர பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு நாளுக்கு முன் நிறுத்துங்கள். தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டும்.

அப்பாவை உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வெறும் வயிற்றில் பஸ்ஸில் அழைத்து வருகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பிரஷர் மாத்திரையை வழக்கம்போலத் தண்ணீரோடு போடலாம். சர்க்கரை மாத்திரையையும் சாப்பாட்டோடு போடும் இன்சுலினையும் ரத்தம் கொடுத்துச் சாப்பிடும்வரை நிறுத்தி வையுங்கள், டாக்டரிடம் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் லேப் வரிசையிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். லேபில் 'பிபி' என்று சொல்லும் (ரத்த அழுத்தம் அல்ல) சாப்பாட்டுக்குப் பின்னான ரத்தத்தை முதல் வாய் சாப்பிட்ட நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுவதால்தான் பலருக்கு முடிவு தப்பாகிறது.

நாளையும் பார்த்து வையுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டித் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நுழையாது. அரசு ராஜாஜி மருத்துவமனையும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களிலும் லேபில் ஆள் குறைவு.

ரிப்போர்ட்டில் பெயரும் எண்ணும்

பதிவு கவுன்டரில் 'பேரு?' என்று கேட்டால் 'முருகன்' என்று சொல்லிவிடுவோம். ரிப்போர்ட்டில் 'திரு. முருகன், 45/ஆண்' என்று வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக இருக்கும். வெளிநாட்டு டாக்டரின் கணினியில் இது யாருடைய ரிப்போர்ட் என்று ஒட்டாது. பணம் திரும்பக் கேட்டால் நிராகரிக்கவும் இதுவே போதும். பாஸ்போர்ட்டைக் கொடுத்து அதில் உள்ளபடி பெயரும், வயதுக்குப் பதில் பிறந்த தேதியும் போடச் சொல்லுங்கள். அச்சான பிறகு மாற்ற நாள் பிடிக்கும், ரத்தம் கொடுக்கும்முன்பே சரி பாருங்கள். லேபுக்கு என்ஏபிஎல் (லேப்களின் தரத்தைச் சான்றளிக்கும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்றும், டாக்டரின் பதிவு எண்ணோடு கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கேன் என்றால் படத்தை மட்டும் வாங்காமல் குறுந்தகடாகவும் வாங்குங்கள்.

மதுரை லேபில் சர்க்கரையும் கொழுப்பும் மில்லிகிராமில் வரும். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியாவில் மில்லிமோலில். சர்க்கரை எண்ணை 18-ஆல் வகுங்கள், 126 என்பது 7.0 ஆகும். கொலஸ்ட்ராலை 38.7-ஆல் வகுங்கள், 200 என்பது சுமார் 5.2. கிரியேட்டினினை 88.4-ஆல் பெருக்குங்கள், அது மைக்ரோமோலில் வரும். எச்பிஏ1சி 6.5 சதவீதம் என்றால் இங்கிலாந்து ரிப்போர்ட்டில் 48; 6.0 என்றால் 42.

அமெரிக்காவில் எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்கு இருந்தால் மதுரையில் எடுத்த பரிசோதனைச் செலவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மொத்தத் தொகை மட்டும் போட்ட ரசீது போதாமல் போகலாம், டெஸ்ட் வாரியாக விலை பிரித்த பில்லை வாங்கி வையுங்கள்.

அப்பா அம்மாவுக்கு

பெற்றோர் பெயரில் ஏற்கெனவே ஹெல்த் பாலிசி இருந்தால் முதலில் அதைத் திறந்து 'வருடாந்திர ஹெல்த் செக்கப்' என்ற பகுதியைத் தேடுங்கள். பல பாலிசிகளில் குறிப்பிட்ட தொகைக்கு இது உண்டு. அந்த ஆண்டு எடுக்காவிட்டால் பல நிறுவனங்களில் போனது போனதுதான். செயலியில் பதிந்தால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். இங்கே பலருக்கும் தடையாவது ஓடிபி. பாலிசியில் மகனின் பழைய இந்திய எண் இருக்கும், அது எப்போதோ செத்திருக்கும். ஊரில் இருக்கும் நாட்களிலேயே அப்பாவின் எண்ணை ஏற்றிவிடுங்கள்.

புதிதாக எடுப்பதானால் விதிகள் இப்போது முதியோருக்குச் சாதகம். 65 வயது உச்சவரம்பு 2024-இல் நீங்கியது. பழைய நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டு. 60 மாதம் தொடர்ந்து கட்டிய பிறகு மோசடி நிரூபணமானாலொழிய மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. 'சுகரெல்லாம் எழுத வேணாம் சார், பிரீமியம் ஏறிடும்' என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள். சர்க்கரையை மறைத்த பாலிசி, சிறுநீரகமோ இதயமோ படுத்தும்போதுதான் கைவிடும். செக்கப்பை முதலில் எடுத்து, வந்த முடிவை அப்படியே படிவத்தில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். ஊரில் இருக்கும்போதே வாங்கினால் அந்த நாட்களுக்குள் உட்கார்ந்து படிக்க முடியும்.

இந்தியாவில் வருமானம் இருந்து பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்கள், பெற்றோரின் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை மருத்துவக் காப்பீட்டுக் கழிவுக்குள் கேட்கலாம். பரிசோதனையை ரொக்கமாகக் கட்டினாலும் செல்லும். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் செல்லாது. புதிய வரி முறையில் இந்தக் கழிவு கிடையாது.

கிராமத்தில் இருக்கும் பெற்றோர் என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பிரஷரும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்த்து, மாத்திரையையும் வாசலில் கொடுக்கும் திட்டம் அது. வருமானக் கணக்கெல்லாம் கேட்பதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வேறு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, பெரும்பாலும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. நலமாக இருப்பவரின் மாஸ்டர் செக்கப்புக்கு அந்த அட்டையை நீட்ட முடியாது.

செக்கப் முடிந்ததும் டாக்டரைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடாதீர்கள். அந்தப் பேக்கேஜில் டாக்டர் ஆலோசனையும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். கிளம்பும் நாளுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பாகப் பரிசோதனையை வையுங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ எல்லை தாண்டி வந்தால் மறுபடி பார்த்து உறுதி செய்யவும், புது மாத்திரை அம்மாவுக்கு ஒத்துப்போகிறதா என்று கூட இருந்து கவனிக்கவும் அந்தப் பத்து நாள் வேண்டும்.