பென்ஷன் சேலத்தில், குடித்தனம் வெளிநாட்டில்: ஓய்வூதியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணி ஓய்வுக்குப் பிறகு மகனோடோ மகளோடோ வெளிநாட்டில் போய் இருப்பது சேலத்தில் இப்போது சகஜம். பள்ளித் தலைமை ஆசிரியர், மின்வாரியப் பொறியாளர், உருக்காலையில் வேலை பார்த்தவர், ஏற்காட்டில் கொஞ்சம் காபித் தோட்டம் வைத்திருப்பவர் என்று எல்லாரும் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் வீட்டு வரி, கேஸ் இணைப்பு, ஆறு மாத மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஆனால் இனி தாங்கள் எந்த நாட்டில் குடியிருப்பவர் என்பதை மட்டும் வங்கியிடமும் வருமான வரித் துறையிடமும் சொல்வதில்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் தெரிந்தவர்கள் காகிதங்களோடு என்னிடம் வருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான சிக்கல் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்கியிருக்கும்.

"பாஸ்போர்ட் இந்தியாதானே, அப்புறம் நான் எப்படி என்ஆர்ஐ?" என்று கேட்பார்கள். குடியுரிமை வேறு, குடியிருப்பு வேறு. வருமான வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை நீங்கள் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் உள்நாட்டவர்.

கிளம்பும் ஆண்டில் ஒரு நுணுக்கம் உண்டு. வேலைக்காக வெளிநாடு போகிறவருக்கு அந்த ஆண்டிலும் 182 நாள் வரம்புதான். பிள்ளை வீட்டில் தங்கப் போகும் பென்ஷன்தாரருக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த நிதியாண்டில் 60 நாள் இங்கே இருந்து, அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்திருந்தாலே அவர் உள்நாட்டவர். ஜூலையில் விமானம் ஏறினாலும் அந்த ஆண்டு முழுக்க அவர் பழைய கணக்கில்தான் வருவார். அடுத்த ஆண்டிலிருந்து, கோடைக்கும் பொங்கலுக்கும் ஊர் வந்து போனாலும் 182 நாளைத் தொடாதவரை என்ஆர்ஐ. இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவருக்கு மட்டும் அந்த வரம்பு 120 நாள்.

வங்கிக் கணக்குக்கு வேறு சட்டம். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா உங்கள் நோக்கத்தையும் பார்க்கிறது. எப்போது திரும்புவோம் என்று நிச்சயமில்லாமல் தங்கப் போனால், போன நாளிலிருந்தே அதன் பார்வையில் நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். ஆக, ஒரே ஆண்டில் வரிக்கு உள்நாட்டவராகவும் வங்கிக்கு வெளிநாட்டவராகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றென்று நினைப்பதுதான் முதல் தவறு.

பென்ஷன் அதே, வரி வேறு

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் போனில் கேட்டார்: "தம்பி, இத்தனை வருஷமா ஒரு பைசா வரி இல்லையே. பென்ஷன் அதேதானே வருது?"

"பென்ஷன் அதேதான் சார். நீங்க இருக்கிற இடம் மாறிடுச்சே."

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டு பென்ஷன் 9,75,000 ரூபாய், எஃப்டி வட்டி 2 லட்சம். நிலையான கழிவு 75,000 போனால் மிச்சம் 11 லட்சம். இந்த வருமானத்துக்கு வரி 50,000, அதோடு 4 சதவீத செஸ், ஆக 52,000 ரூபாய். சேலத்தில் இருந்தால் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி உண்டு என்பதால் இது அப்படியே பூஜ்யமாகிவிடும். அந்தத் தள்ளுபடி உள்நாட்டவருக்கு மட்டும்தான். என்ஆர்ஐ ஆகிவிட்டால் 52,000 ரூபாயும் கட்ட வேண்டியதுதான். பழைய வரி முறையில் மூத்த குடிமக்களுக்கான 3 லட்சம் விலக்கு வரம்பும், வட்டிக்கான 50,000 ரூபாய் கழிவும்கூட உள்நாட்டவருக்கு மட்டுமே.

இதோடு, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் 15எச் படிவம் சேரும்போது சிக்கல் முற்றுகிறது. ஏப்ரல் பிறந்தால் வங்கியில் 15எச் கொடுப்பது பலருக்குப் பழகிப்போன காரியம். இப்போது அமெரிக்காவில் இருக்கும் மகனே நெட் பேங்கிங்கில் ஒரு டிக் அடித்துவிடுகிறார். 15எச் கொடுக்கத் தகுதி உள்நாட்டு மூத்த குடிமக்களுக்குத்தான். என்ஆர்ஐ அதைக் கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. பிடிக்காமல் விட்ட வரி பின்னால் வட்டியோடு வரும்.

என்ஆர்ஐ தன் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கில் எஃப்டி வட்டிக்கு வங்கி 31.2 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரி, பிடிக்கும். மேலே சொன்ன 2 லட்சம் வட்டிக்கு 62,400 ரூபாய். மொத்த வரியே 52,000 தானே? பென்ஷனில் எதுவும் பிடிக்கவில்லை என்றால் மீதி 10,400 ரூபாய் திரும்பக் கிடைக்கும், ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான். "டிடிஎஸ் பிடிச்சாச்சு, கதை முடிஞ்சது" என்று விட்டுவிடாதீர்கள். வசிக்கும் நாட்டின் வரிக் குடியிருப்புச் சான்று வாங்கி வங்கியில் கொடுத்தால் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி வட்டிக்கான வீதம் குறையும். அமெரிக்கா, சிங்கப்பூர் என்றால் 15, ஐக்கிய அரபு அமீரகம் என்றால் 12.5 சதவீதம்.

பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டுவதும் கூடாது. அதை என்ஆர்ஓ ஆக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பென்ஷன் அதிலேயே தொடர்ந்து வரவாகும். என்ஆர்ஓவிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரைதான் அனுப்பலாம் என்ற வரம்பைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். வீடு விற்ற பணம், பழைய சேமிப்பு போன்ற முதலுக்குத்தான் அந்த வரம்பு. பென்ஷன், வாடகை, வட்டி எல்லாம் நடப்பு வருமானம், வரி போக மிச்சத்தைத் தாராளமாக அனுப்பலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், அஞ்சலக மாத வருமானத் திட்டம் இரண்டையும் என்ஆர்ஐ புதிதாகத் தொடங்க முடியாது. பிபிஎஃப் இருந்தால் முதிர்வு வரை ஓடலாம், நீட்டிக்க முடியாது.

ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே

அமெரிக்காவுக்கு விசிட்டர் விசாவில் போய்வரும் பெற்றோர் "நாங்க சுற்றுலா விசாதானே, அந்த ஊர் வரி எங்களுக்கு எதுக்கு?" என்று நினைக்கிறார்கள். அமெரிக்க வரிச் சட்டம் விசாவை மட்டும் பார்ப்பதில்லை, நாளையும் எண்ணுகிறது. இந்த ஆண்டு அங்கே இருந்த நாட்கள் முழுதும், போன ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்டி 183 வந்துவிட்டால் வரிக்கு நீங்கள் அமெரிக்கக் குடியிருப்பாளர். அவர்களுக்கு ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர். முதல் ஆண்டில் 180 நாள் இருந்தால் தப்பித்துவிடலாம். இரண்டாம் ஆண்டும் 180 நாள் இருந்தால் 180-ம் 60-ம் சேர்ந்து 240. மாட்டிக்கொண்டீர்கள்.

இதற்கு வழி இருக்கிறது. அந்த ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாக இருந்து, வீடு வாசல், வங்கி, குடும்பப் பிணைப்பு எல்லாம் இந்தியாவில்தான் என்று காட்ட முடிந்தால் 8840 என்ற படிவத்தை உரிய காலத்தில் தாக்கல் செய்து விலக்கு கேட்கலாம். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருந்தால் இந்த வழி அடைபடும். ஆண்டுக்கு 121 நாளுக்கு மிகாமல் தங்கினால் இந்தக் கேள்வியே எழாது. டிக்கெட் போடும் முன் பிள்ளைகள் இந்தக் கூட்டலை ஒரு முறை செய்து பார்த்துவிடலாம்.

கிரீன் கார்டு வாங்கிவிட்டால் உலகில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும். சேலம் பென்ஷன், வெளிநாட்டுப் பணத்தைப் போட்டு வைக்கும் என்ஆர்இ கணக்கில் வரும், இங்கே வரியே இல்லாத வட்டி, ஏற்காட்டுக் காபி வருமானம் எல்லாம் அதில் அடங்கும். விவசாய வருமானம் என்ற விலக்கு அங்கே செல்லாது. இங்கே கட்டிய வரிக்கு அங்கே கழிவு கிடைக்கும். அதனால் வரி கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கை தனியாகப் போக வேண்டும். அதில் வரி கிடையாது, வெறும் தகவல்தான். சொல்லாமல் விட்டால்தான் அபராதம், அதுவும் ஆயிரக்கணக்கான டாலரில். இந்திய மியூச்சுவல் ஃபண்டை அந்த நாட்டுச் சட்டம் மிகக் கடுமையாக நடத்துகிறது என்பதையும் கிளம்பும் முன்பே மனதில் வையுங்கள். லாபத்தில் இருக்கும் ஃபண்டையும், விற்கத்தான் போகிறோம் என்று முடிவான வீட்டையும் கிரீன் கார்டோடு இறங்குவதற்கு முன்பே முடித்துக்கொள்வது என் பார்வையில் நல்லது.

தோட்டமும் வீடும்

சேர்வராயன் மலைக்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு, இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நாமும் மகனோடு போகப்போகிறோம், எழுதிக் கொடுத்துவிடலாம் என்று வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். என்ஆர்ஐ ஒருவர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்று இல்லை, ஃபெமா மீறல் மீறல்தான். அபராதம் சொத்து மதிப்பின் மூன்று மடங்கு வரை போகலாம். அதே தோட்டம் வாரிசுரிமையாகவோ உயில் வழியாகவோ மகனுக்குப் போகத் தடை இல்லை. ஆகவே காபியும் மிளகும் நிற்கும் நிலத்துக்கு உயில் எழுதுங்கள். ஃபேர்லேண்ட்ஸ் வீட்டையோ மனையையோ வேண்டுமானால் செட்டில்மென்ட் செய்யலாம். நீங்களே என்ஆர்ஐ ஆனாலும் இங்கே இருந்தபோது வாங்கிய தோட்டத்தைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும்.

வீட்டை விற்கும்போதும் இதே கவனம் தேவை. 90 லட்சம் ரூபாய் வீட்டை உள்நாட்டவர் விற்றால் வாங்குபவர் 1 சதவீதம், அதாவது 90,000 ரூபாய் டிடிஎஸ் பிடிப்பார். என்ஆர்ஐ விற்றால் 12.5 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்ந்து 12.87 லட்சம். உங்கள் உண்மையான லாபம் கொஞ்சமாக இருந்தாலும் முழு விலை மீதே பிடித்துவிடுவார்கள். குறைந்த டிடிஎஸ்-க்கான சான்றை விற்பனைக்கு முன்பே வருமான வரி அதிகாரியிடம் வாங்கிக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்குப் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் கட்டும் வாய்ப்பும் உள்நாட்டவருக்கு மட்டும்தான். எனவே விற்பது உறுதி என்றால் உள்நாட்டவராக இருக்கும் ஆண்டிலேயே விற்றுவிடுங்கள்.

வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவர் 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும், வாடகை எவ்வளவு சிறியதானாலும் சரி. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. வெளிநாட்டில் எழுதும் பவர் பத்திரத்துக்கு இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். விற்கும் அதிகாரம் தேவையில்லை என்றால் அந்த வாசகத்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். வாடகை வாங்க, வரி கட்ட, மின் இணைப்புப் பார்க்க என்று தனித்தனியாகக் குறிப்பிட்ட பவர் போதும்.

உயிர்வாழ் சான்றும் போன் நம்பரும்

வருடம் ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். பி.எஃப். அலுவலகம் தரும் இபிஎஸ் பென்ஷனுக்கு எந்த மாதம் கொடுத்தாலும் அதிலிருந்து 12 மாதம் செல்லும். அரசின் ஜீவன் பிரமான் செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். அது சரிவராவிட்டால் இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்ட சான்றை அனுப்பலாம்.

ஊர் சிம் கார்டை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் இணைப்பு போய்விடும். அந்த நம்பர் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். வங்கி, ஆதார், வருமான வரி எல்லாவற்றின் ஓடிபியும் அந்த நம்பருக்குத்தான் வரும். சர்வதேச ரோமிங்கோடு சின்ன ரீசார்ஜ் ஒன்றை விடாமல் போட்டு வாருங்கள். வங்கியில் வெளிநாட்டு நம்பரையும் பதிவு செய்யலாம்.

கடைசியாக, பென்ஷன் வழங்கும் ஆணையான பிபிஓவை எடுத்து மனைவி அல்லது கணவர் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். பெயருக்கு முன் ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் கேட்கும் நேரத்தில் அலைய வேண்டியிருக்கும். அதுவும் துணையை இழந்து, அந்நிய ஊரில் இருந்துகொண்டு, ஒரு வயதானவர் அலைய வேண்டும். ஊரில் இருக்கும்போதே இருவரும் சேர்ந்து கருவூலத்துக்குப் போய் அதைத் திருத்தக் கொடுத்துவிடுங்கள்.