மின்னஞ்சலில் வந்த சந்தேகக் கோப்பைத் திறக்காமலே ஆராய்வது எப்படி?

"நிலுவைத் தொகை, உடனே பார்க்கவும்" என்று ஒரு மின்னஞ்சல். கூடவே ஒரு ஜிப் கோப்பு. அதைத் திறப்பதற்கான கடவுச்சொல்லும் அதே மின்னஞ்சலில் இருக்கிறது. பூட்டையும் சாவியையும் ஒன்றாகக் கொடுப்பவர் யாரிடமிருந்து எதை மறைக்கிறார்? அஞ்சல் சர்வரில் இருக்கும் வைரஸ் தடுப்பானிடமிருந்துதான். பூட்டிய ஜிப்புக்குள் அது எட்டிப் பார்ப்பது கடினம். இப்படி ஒன்று வந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

படி 1: தனி இடம்

வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் இந்த வேலையைத் தொடவே கூடாது. கணினிக்குள்ளேயே இன்னொரு தனிக் கணினியை உருவாக்கித் தரும் வெர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் ரெம்னக்ஸ் என்ற லினக்ஸ் தொகுப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். ரெம்னக்ஸ் தீநிரல், அதாவது தீங்கு செய்யும் நிரல்களின் ஆய்வுக்கென்றே உருவானது. கீழே சொல்லும் கருவிகள் அதிலேயே இருக்கின்றன. ஒரு ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பி வரக்கூடிய, அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துவிட்டுக் கோப்பை உள்ளே கொண்டுவாருங்கள். பிறகு இணையத்தையும் பகிர்வுக் கோப்புறையையும் துண்டித்துவிட்டு, ஜிப்பாக இருந்தால் அங்கேயே பிரித்தெடுங்கள்.

படி 2: பெயரை நம்பாதீர்கள்

2000 மே மாதம் உலகையே அலைக்கழித்த 'ஐ லவ் யூ' புழு, 'டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடியும் பெயரோடு வந்தது. பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்வரும் நீட்சியை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். அதனால், இது இயங்கும் ஸ்கிரிப்ட் என்று காட்டிக்கொடுக்கும் 'விபிஎஸ்' கண்ணில் படவில்லை. சாதாரண உரைக் கோப்பு என்று நினைத்துப் பலரும் சொடுக்கினார்கள். அதே தந்திரம் இன்றும் வருகிறது.

ரெம்னக்ஸில் 'ஃபைல்' என்ற கட்டளையைக் கொடுத்தால், கோப்பின் உள்ளடக்கத்தை, குறிப்பாகத் தொடக்க பைட்டுகளைப் பார்த்து உண்மையான வகையைச் சொல்லிவிடும். விண்டோஸ் நிரல் 'எம்இசட்' என்ற எழுத்துகளில் தொடங்கும். ஜிப் 'பிகே' என்று தொடங்கும். புதிய வகை வேர்டு கோப்பும் உள்ளுக்குள் ஜிப்தான், ஆகவே அதில் 'பிகே' இருப்பது இயல்பு. ஆனால் பிடிஎஃப் என்று பெயர் சூட்டிய 'பில்' ஒன்று 'எம்இசட்' என்று தொடங்கினால், மேலே ஆராயவே வேண்டாம்: அது ஏமாற்று வேலை.

படி 3: கைரேகை

'ஷா256சம்' கட்டளை கோப்புக்குக் கைரேகை போல, 64 எழுத்துகள் கொண்ட ஹேஷ் ஒன்றைத் தரும். உங்கள் வழக்கமான கணினியிலிருந்து, பல வைரஸ் தடுப்பான்களின் முடிவுகளை ஒரே இடத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தின் தேடல் பெட்டியில் அந்த ஹேஷை மட்டும் இடுங்கள். கோப்பைப் பதிவேற்றாதீர்கள். தொடக்கநிலையில் பலர் தவறுவது இங்கேதான். அங்கே பதிவேற்றியதைக் கட்டணச் சந்தாதாரர்கள் இறக்கிக்கொள்ள முடியும். அது உங்கள் அலுவலகத்தின் உண்மையான சம்பளப் பட்டியலாக இருந்தால் என்ன ஆவது?

தேடலில் எதுவும் வரவில்லை என்றால் கோப்பு நல்லது என்று பொருள் இல்லை. ஒரே ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் முழுவதும் மாறிவிடும்.

படி 4: உள்ளே இருப்பது

வேர்டு, எக்செல் கோப்புகளுக்கு 'ஓலேவிபிஏ' கருவி. அது மேக்ரோவை (ஆவணத்துக்குள் இருக்கும் சிறு நிரல்) இயக்காமல் பிரித்தெடுத்து, கீழே ஒரு அட்டவணை காட்டும். 'ஆட்டோஓபன்' என்று இருந்தால், ஆவணத்தைத் திறந்து மேக்ரோவை அனுமதித்த உடனே அது தானாக ஓடும். 'ஷெல்' என்றால் வேறொரு நிரலை அழைக்கிறது. இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால் நான் அதைத் தீங்கானது என்றே எடுத்துக்கொள்வேன். ஒரு பில்லுக்கு இவை எதற்கு?

இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022-இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு ஐஎஸ்ஓ (வட்டுப் படிமம்), எல்என்கே (குறுக்குவழி) கோப்புகள் அதிகம் வரத் தொடங்கின. அவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

பிடிஎஃப் என்றால் 'பிடிஎஃப்ஐடி' போதும். 'ஜாவாஸ்கிரிப்ட்' (உள்ளே இருக்கும் நிரல்), 'ஓபன்ஆக்ஷன்' (திறந்ததும் தானாக நடப்பது), 'லாஞ்ச்' (வேறொரு நிரலை அழைப்பது) ஆகியவற்றுக்கு எதிரே பூஜ்ஜியம் இல்லையென்றால் உஷாராகுங்கள். எல்லாம் பூஜ்ஜியமாக இருந்தும், போலி உள்நுழைவுப் பக்கத்துக்கு இழுக்கும் ஒரு சுட்டி மட்டும் இருக்கலாம்.

படி 5: குறிப்பு

அனுப்பியவர் முகவரி, கோப்பின் பெயர், ஹேஷ், உள்ளே கிடைத்த சுட்டிகள் ஆகியவற்றை எழுதி அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கு அனுப்புங்கள். சுட்டியில் 'எச்டிடிபி' என்பதை 'எச்எக்ஸ்எக்ஸ்பி' என்று மாற்றிவிட்டால், படிப்பவர் கைதவறிச் சொடுக்கினாலும் பக்கம் திறக்காது. அனுப்பி முடித்ததும் வெர்ச்சுவல்பாக்ஸில் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.