நாற்றமா? குளியலறைத் தரை ஜாலிக்குக் கீழே பாருங்கள்

விருந்தாளி வந்தால் மட்டும் புழங்குகிற குளியலறை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. கோடையில் கதவைத் திறந்தாலே சாக்கடை வாடை குடலைப் புரட்டும். பினாயில் ஊற்றினால் இரண்டு நெடியும் சேர்ந்து வரும், அவ்வளவுதான். தரையில் தண்ணீர் வடியும் துளையை மூடியிருக்கும் ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். அதற்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டிய கிண்ணம் போன்ற பகுதியான நஹானி ட்ராப்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதில் 50 மி.மீ. அளவுக்காவது தண்ணீர் நின்றால்தான் சாக்கடை வாயு மேலே ஏறாது. புழங்காத அறையில் அது வற்றிவிடுகிறது. விளிம்பில் ஒட்டியிருந்த முடியும் சோப்புக் கசடும் வழுவழுவென்று கையோடு வந்தன. பழைய பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய்; மேலே மிதந்து தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும். வாடை அன்றைக்கே நின்றது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் சேர்த்து ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.