சதர்ன் ரீஜன் மாடல் ரயில் லேஅவுட்டில் மூன்றாம் தண்டவாளம் பதிப்பது எப்படி

ஹார்ன்பியின் 4-வெப், பாக்மனின் 4-செப், 2-இபிபி என்று, பிரிட்டிஷ் ரயில்வேயின் தென் இங்கிலாந்துப் பிரிவான சதர்ன் ரீஜனின் மின்ரயில்கள் ஓஓ அளவு (ஒரு அடிக்கு 4 மிமீ) மாடல்களாக ரெடிமேடாகவே வந்துவிட்டன. அவை ஓட வேண்டிய பாதையை மட்டும் நாமே தயார் செய்ய வேண்டும். மின்சாரம் தரும் மூன்றாம் தண்டவாளம் இல்லாத பாதையில் 4-வெப் வந்து நின்றால் விஷயம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். பதிப்பது பொறுமை கேட்கும் வேலை, அவ்வளவுதான். சொதப்புவது பெரும்பாலும் அதற்கு முன்பே: எந்தப் பக்கம் வரும், எங்கே அறுபடும் என்று வரைந்து பார்க்காமல் துளை போட ஆரம்பிப்பதில்.

முதலில் ஊரும் ஆண்டும். பிரைட்டனுக்கு 1933-லேயே மூன்றாம் தண்டவாளம் போய்விட்டது. போர்ட்ஸ்மத் 1937, கென்ட் கடற்கரை 1959-இலிருந்து 1962-க்குள், போர்ன்மத் 1967, டன்பிரிட்ஜ் வெல்ஸ் வழியாக ஹேஸ்டிங்ஸ் 1986, வேமத் 1988. சாலிஸ்பரி–எக்ஸிடர் பாதையில் இன்றுவரை கிடையாது. டீசலும் மின்சாரமும் ஒரே லேஅவுட்டில் வேண்டும் என்பவர்களுக்கு 1967–1988 கால போர்ன்மத்தைவிட நல்ல இடம் இல்லை. லண்டனிலிருந்து 4-ரெப் மின்ரயில் யூனிட் பின்னாலிருந்து தள்ளிவரும், மோட்டார் இல்லாத 4-டிசி பெட்டிகளை அங்கே பிரித்து, கிளாஸ் 33/1 டீசலில் கோத்து வேமத்துக்கு அனுப்பினார்கள். ஒரு நுணுக்கம்: மூன்றாம் தண்டவாளம் போர்ன்மத் நிலையத்தோடு முடியவில்லை. பணிமனைக்குப் போகும் வழி என்பதால் பிராங்க்சம் வரை நீண்டது.

இனி காகிதமும் பென்சிலும். பாயிண்ட்களோடு (பாதை பிரியும் இடங்கள்) பாதையை முழுதாக வரைந்து, மூன்றாம் தண்டவாளத்தை சிவப்பில் போட்டுப் பாருங்கள். இரட்டைப் பாதையில் அது வழக்கமாக இரண்டு பாதைகளுக்கும் நடுவில் வரும். நிலையத்தில் நடைமேடைக்கு எதிர்ப்புறம். விழுபவர் அதன்மேல் விழக்கூடாது என்பதுதான் காரணம். அதனால் பாதைகளுக்கு நடுவே தீவு நடைமேடை வந்தால் மூன்றாம் தண்டவாளம் இரு பாதைகளிலும் வெளிப்பக்கம் மாறிவிடும். பக்கம் மாறும் இடத்தில் ஒன்று முடிவதற்குச் சற்று முன்பே மற்றது தொடங்குவது நல்லது.

பாயிண்ட்தான் தலைவலி. வேறு பாதையின் சக்கரம் குறுக்கே கடக்கும் எந்த இடத்திலும் மூன்றாம் தண்டவாளம் இருக்க முடியாது. ஆகவே அந்தப் பக்கத்தில் அறுத்து, முடிந்தால் எதிர்ப்பக்கத்தில் தொடர வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மூன்று பாயிண்ட்கள் உள்ள நிலைய முகப்பில் சிறு சிறு துண்டுகளாகத்தான் வரும், நிஜத்திலும் அப்படித்தான். யூனிட் ரயில்களில் ஷூக்கள் (மூன்றாம் தண்டவாளத்தில் உரசி மின்சாரம் எடுப்பவை) நீளவாக்கில் பல இடங்களில் இருப்பதால் ஒன்று இடைவெளியில் இருக்கும்போது இன்னொன்று மின்சாரம் எடுக்கும். தனி எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. 1958–60-இல் டான்காஸ்டரில் கட்டிய 24 கிளாஸ் 71 எஞ்சின்களுக்குள் சுழல்வேகத்தைத் தக்கவைக்கும் கனமான ஃப்ளைவீலோடு ஒரு மோட்டார்-ஜெனரேட்டர் வைத்தது இந்த இடைவெளிகளைத் தாண்டத்தான். சரக்கு யார்டில் தரையோடு மின்சாரம் ஓடினால் ஆட்களுக்கு ஆபத்து என்று அதே எஞ்சினின் கூரையில், மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபும் வைத்தார்கள். உங்கள் சரக்கு சைடிங்கில் (வண்டிகளை நிறுத்தும் பக்கப்பாதை) மூன்றாம் தண்டவாளம் போடாமல் விட இதுவே போதுமான நியாயம். மின்சாரத்திலும் டீசலிலும் ஓடும் கிளாஸ் 73 அங்கே தன் 600 குதிரைசக்தி டீசலில் உருண்டு போகட்டும்.

அளவுகளுக்கு வருவோம். ஓடும் தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து மூன்றாம் தண்டவாளத்தின் மையம் 1 அடி 4 அங்குலம். அதன் தலை ஓடும் தண்டவாளத் தலையைவிட 3 அங்குலம் உயரம். ஒரு அடிக்கு 4 மிமீ கணக்கில் இது 5.3 மிமீ, 1 மிமீ. இங்கேதான் ஓஓ-வின் பழைய குறை குறுக்கே வரும். 18.83 மிமீ இருக்க வேண்டிய பாதை அகலம் 16.5-தான் இருக்கிறது. உள்விளிம்பிலிருந்து 5.3 அளந்தால் மூன்றாம் தண்டவாளம் பாதை மையத்திலிருந்து 13.6 மிமீ-இல் வரும். நிஜத்தைச் சுருக்கினால் மையத்திலிருந்து 14.75 வர வேண்டும். போகிகள் (பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரச் சட்டங்கள்) சரியான அகலத்தில் செய்யப்பட்ட மாடலில் ஷூக்கள் இந்த இரண்டாவது இடத்துக்கு மேல்தான் நிற்கும்.

பீக்கோ நிறுவனத்தின் சாதாரண ஸ்ட்ரீம்லைன் வகைப் பாதையில் ஸ்லீப்பர் கட்டை மையத்திலிருந்து ஏறக்குறைய 15 மிமீ-தான் நீளும், 14.75-இல் துளை போட்டால் கட்டை நுனி பிளந்துவிடும். அதில் 13.6 முதல் 13.8-க்குள் நின்றுகொள்ளுங்கள். ஷூ கொஞ்சம் வெளியே தொங்குவது அரை மீட்டர் தூரத்திலிருந்து தெரியாது. பழைய பாணி புல்ஹெட் தண்டவாளப் பாதையில் கட்டை இதைவிட நீளமாக இருப்பதால் 14.75-ஐத் தாராளமாக எடுக்கலாம். எதை எடுத்தாலும் லேஅவுட் முழுக்க ஒரே அளவு. வளைவில் ஒன்று, நேரில் ஒன்று என்றிருந்தால் அசிங்கமாகத் தெரியும்.

பொருள்கள் அதிகமில்லை. பீக்கோவின் கோட் 60 தண்டவாளமும் (எண் உயரத்தைக் குறிக்கும், அங்குலத்தின் ஆயிரத்தில் 60) அதற்கான பிளாஸ்டிக் இன்சுலேட்டர்களும் போதும். 40 மிமீ-க்கு ஒரு இன்சுலேட்டர் என்றால் 914 மிமீ நீளமுள்ள ஒரு ஃப்ளெக்ஸி (வளைக்கக்கூடிய) பாதைத் துண்டுக்கு 23 ஆகும். உடைவதற்கும் தொலைவதற்கும் சேர்த்து 25 எடுத்து வையுங்கள்.

உயரத்தை மட்டும் நம்பிக்கையில் விடாதீர்கள். கோட் 60-இன் உயரம் 1.5 மிமீ. கோட் 100 பாதையில் அதன் அடி, ஓடும் தண்டவாளத்தின் அடியிலிருந்து 2 மிமீ மேலே இருக்க வேண்டும். கோட் 75 பாதையில் 1.4 மிமீ போதும். ஒரே இன்சுலேட்டர் இரண்டுக்கும் பொருந்தாது என்பது இதிலேயே தெரிகிறது. உயர்ந்து நின்றால் இன்சுலேட்டரின் அடியை அரத்தால் தேய்த்துக் குறையுங்கள். தாழ்ந்தால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் சில்லு.

சரிபார்க்க ஒரு கேஜ் செய்துகொள்ளுங்கள், பத்து நிமிட வேலை. 2 மிமீ பிளாஸ்டிக் அட்டையில் 45-க்கு 10 மிமீ துண்டு ஒன்று. அதன் அடியில், இரண்டு ஓடும் தண்டவாளங்களின் தலைமேல் உட்காரும் இடத்தில் 1 மிமீ தடிமனுள்ள பட்டைகளை ஒட்டுங்கள். பாதையில் வைத்தால் கேஜின் அடிப்பரப்பு சரியாக 1 மிமீ மேலே நிற்கும். மூன்றாம் தண்டவாளத்தின் தலை அதை உரசினால் சரி, கேஜைத் தூக்கினால் தவறு. உள்விளிம்பில் முட்டுவதற்கு ஒரு சிறு துண்டை ஒட்டி, மையம் வரும் இடத்தில் கோடு கீறினால் பக்கவாட்டு அளவும் அதிலேயே கிடைத்துவிடும்.

துளைகளைப் பாதை பதிக்கும் முன்பே மேசையில் வைத்துப் போடுங்கள். இன்சுலேட்டர் முளையின் விட்டத்தை அளந்து, வீணான பாதைத் துண்டு ஒன்றில் ஒத்திகை பார்த்த பிறகு, கை டிரில்லில் மெதுவாக. மின் டிரில் வேகத்தில் பிளாஸ்டிக் உருகித் துளை கோணலாகும். பிறகு பாதையைப் பதித்து, ரயில் ஓட்டி, கோளாறு இல்லை என்று உறுதியானதும் ஒவ்வொரு துளையிலும் பல்குத்தும் குச்சியைச் செருகிவிட்டு ஜல்லி கொட்டுங்கள். மறந்தால் ஜல்லிப் பசை துளைகளை அடைத்துக்கொள்ளும். மறுபடி துளைக்கையில் டிரில் முனை கல்லில் வழுக்கி உடையும்.

ஜல்லி நன்றாகக் காய்ந்ததும் குச்சிகளைப் பிடுங்கி இன்சுலேட்டர்களைத் துளிப் பசையில் நிறுத்துங்கள், ஒரு இரவு விடுங்கள். அதற்குள் தண்டவாளத்தைத் தயார் செய்யலாம். வளைவுக்குப் போகும் துண்டை விரல்களுக்கிடையே இழுத்து இழுத்து முன்கூட்டியே வளைத்துவிட வேண்டும். நேரான துண்டை வளைவில் திணித்தால் அதன் விறைப்பு ஒரு மாதத்தில் இன்சுலேட்டர்களைப் பிடுங்கி எறியும். வெப்பத்தில் நீளும் என்பதால் மீட்டருக்கு அரை மிமீ இடைவெளி விடுங்கள். எல்லா இன்சுலேட்டரிலும் தண்டவாளத்தை ஒட்டக்கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரே இடத்தில் ஒட்டினால் இரு பக்கமும் நழுவ வழி இருக்கும்.

அறுபடும் ஒவ்வொரு முனையும் கீழே சாய வேண்டும், ஷூ மேலேறி வருவதற்காக. கடைசி 12–15 மிமீ நீளத்தைத் தட்டைமூக்குக் குறடால் மெல்ல, நுனி 1 மிமீ தாழும் அளவுக்கு வளையுங்கள். வெட்டிய முனையை அப்படியே மொட்டையாக விடுவதுதான் லேஅவுட்களில் அதிகம் காணும் பிழை. அறுபட்ட துண்டுகளை நிஜத்தில் தடித்த கேபிள் இணைக்கும். 0.8 மிமீ கறுப்பு வயரை ஒரு முனையில் ஒட்டி, ஜல்லியில் தவழவிட்டு, அடுத்த துண்டில் முடியுங்கள். கம்பி விறைப்பாக நிற்காமல் தளர்ந்து கிடக்கட்டும்.

மாடலில் இந்தத் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கவே வேண்டாம். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு) ஆனாலும் சாதா கன்ட்ரோலர் ஆனாலும் அது வெறும் அலங்காரம். எதனுடனும் இணைக்காமல் விட்டால் தடம் புரண்ட சக்கரம் ஒன்று அதைத் தொட்டாலும் ஷார்ட் ஆகாது.

லெவல் கிராசிங்கில் சாலைக்கு முன்பே தண்டவாளம் முடிந்து, கேபிள் அடியில் போகும். சாலையின் இருபுறமும் பாதைக்குள் ஆளோ மாடோ நுழையாமல் முக்கோணச் சட்டங்களை வரிசையாகப் பரப்பியிருப்பார்கள்; முக்கோண வெட்டுள்ள பிளாஸ்டிக் குச்சி இதற்குக் கச்சிதம். ஊழியர்கள் நடக்கும் இடங்களில், அதாவது நடைமேடை முனை, சிக்னல் அருகே, சைடிங் ஓரத்தில், தண்டவாளத்தை ஒட்டி மரக் காப்புப் பலகை. 0.5 மிமீ தடிமன், 2 மிமீ உயரமுள்ள பட்டையை தண்டவாளத் தலையைவிட ஒரு மயிரிழை உயர்த்தி வையுங்கள். பாதை முழுக்கப் பலகை அடித்தால் பொய்யாகிவிடும்.

பலகை ஒட்டும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷூவைவிட மோசமாக உரசுவது டீசல் எஞ்சின்களில் வாங்கியவர் தானே ஒட்டும் பனிக்கலப்பை, படிக்கட்டு போன்ற உபரிப் பாகங்கள். உங்களிடம் உள்ளதிலேயே அகலமானதை, மிக மெதுவாக, இரு திசையிலும் தள்ளுங்கள்.

வண்ணம் கடைசி. பக்கங்களுக்கு ஹம்ப்ரால் பெயின்டில் 113 துருநிறத்தோடு சிறிது 33 கறுப்பு. உலோகம் வண்ணத்தைப் பிடிக்க முதலில் பிரைமர் அவசியம். தலையில் வண்ணத்தைத் துடைத்துவிடுங்கள், ஆனால் ஓடும் தண்டவாளம் அளவுக்குப் பளபளப்பு வேண்டாம். இன்சுலேட்டர்கள் வெண்பீங்கான், அழுக்கேறிய வெள்ளையில் பிரேக் தூசியின் பழுப்பு கொஞ்சம். பாதை துடைக்கும் ரப்பரை 20 மிமீ அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட அகலமானது மூன்றாம் தண்டவாளத்தில் இடித்து, நட்ட இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டே போகும்.